மின்னலுக்கு வழிகாட்டிய லேசர்

பி.காம். படிக்கிறவனுக்கு மின்னல் எதற்கு என்று கேட்காதீர்கள், இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

பிராங்க்ளின் தந்த இடிதாங்கி ஏறக்குறைய தன் உயரமளவு தூரத்துக்குத்தான் காவல். விமான நிலையத்துக்கு எவ்வளவு உயரக் கம்பி நடுவது? ஒளியையே கம்பியாக்கலாம் என்று 1974-ல் எழுதினார் லியனார்ட் பால். லேசர் சுட்ட காற்று அடர்த்தி குறையும். அந்த வழியில் மின்சாரம் சுலபமாகப் பாயும்.

2004-ல் நியூ மெக்ஸிகோவில் முயன்றார்கள். மின்னல் மசியவில்லை. 2021-ல் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையில், 124 மீட்டர் கோபுரத்தருகே, நொடிக்கு 1000 துடிப்பு லேசர் வைத்தார்கள். ஒரு மின்னல் சுமார் 50 மீட்டர் ஒளியோடு ஒட்டியே போனது, கேமராவிலும் சிக்கியது.

47 வருட முதலீடு, வரவு 50 மீட்டர். எங்கள் வாத்தியார் நஷ்டம் என்பார். நான் முதல் வரவு என்றே எழுதுவேன்.