எல்ட்ரிட்ஜ் தொடுத்த வழக்கு

ஒருவருக்கு உரிய பொருளைப் பறிக்கும் அரசு, அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்பது முறைமன்றங்களின் பழைய நெறி. ஆனால், எப்போது கேட்பது? பறிக்குமுன்னா, பறித்த பின்னா? இவ்வினா நூலறிஞர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். உழைக்க முடியாமல் வீட்டில் கிடப்பவனுக்கோ அதுவே வாழ்வும் தாழ்வும் ஆகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976ஆம் ஆண்டில் தீர்த்த எல்ட்ரிட்ஜ் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் பிறந்தது. உடல்நலம் கெட்டு உழைப்பை இழந்தோர்க்கான உதவித்தொகை அதனுடன் 1956இல் சேர்ந்தது. முதலில் ஐம்பது வயதைக் கடந்தோரே அதனைப் பெற்றனர். 1960இல் அவ்வரம்பு நீங்கிற்று. தொழிலாளியின் ஊதியத்தின் மீது விதித்த வரியிலிருந்து வரும் தொகை இது. ஆதலின் இதனை ஈகை என்பதற்கில்லை. உழைத்து ஈட்டிய உரிமை என்பதே பொருந்தும்.

ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் என்ற தொழிலாளி 1968 ஜூன் முதல் இத்தொகையைப் பெற்று வந்தார். முதுகு நோயும் மனக்கலக்கமும் அவரை வாட்டின. பின்னர் நீரிழிவும் சேர்ந்தது. 1972 மார்ச்சில் அவருக்கு ஒரு வினாத்தாள் வந்தது. தம் நிலை தேறவில்லை என்று அவர் விடை எழுதினார். அதிகாரிகளோ மருத்துவ அறிக்கைகளைப் பார்த்து, அவருடைய இயலாமை நீங்கிவிட்டதென முடிவு கட்டினர். அறிக்கையில் கண்ட பிழையொன்றைச் சுட்டி அவர் மறுப்பு எழுதியும் பயனில்லை. தொகை நின்றது.

நேரில் வாதிட அவருக்கு வழி இருந்தது. ஆனால் அது தொகை நின்ற பின்னரே கிட்டும். நிறுத்தத்திற்கும் விசாரணைக்குப் பிந்திய இறுதி முடிவிற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கழிந்து வந்தது. எனவே எல்ட்ரிட்ஜ் நேரே நீதிமன்றம் ஏறினார். பொதுநல உதவியை நிறுத்துமுன் விசாரணை வேண்டும் என்று 1970இல் உச்ச நீதிமன்றமே கோல்ட்பர்க் வழக்கில் கூறியிருந்தது. அதனைத் துணைக்கொண்டு, வர்ஜீனியாவின் மாவட்ட நீதிமன்றம் 1973இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு மன்றமும் அதனை ஒப்பிற்று.

உச்ச நீதிமன்றம் 1976 பிப்ரவரி 24இல் அதனை மாற்றியது. நீதிபதி பவல் மூன்றினைத் துலாக்கோலில் இட்டார்: தனியாளின் நலன், பிழை நேரும் வாய்ப்பு, அரசின் சுமை. மருத்துவ அறிக்கை எழுத்தில் உள்ளது. அதில் பிழை குறைவு என்றார். இத்தொகை வறுமையைப் பார்த்துத் தருவதன்று. நின்றாலும் பிற பொதுஉதவி உண்டு என்றும் கூறினார். எல்ட்ரிட்ஜ் தோற்றார்.

நீதிபதி பிரென்னன் உடன்படவில்லை. மார்ஷல் அவருடன் சேர்ந்தார். தொகை நின்றதால் அக்குடும்பம் அடைந்த நிலையைப் பிரென்னன் எடுத்துரைத்தார். கடனுக்காக வீடு பறிபோயிற்று. வீட்டுப் பொருள்களையும் எடுத்துச் சென்றுவிட்டனர். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் உறங்க நேர்ந்தது. துலாக்கோலில் ஏறாத எடை இதுவே எனலாம்.

வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. 1981 முதல் அரசு மறு ஆய்வை விரைவுபடுத்தியது. இலட்சக்கணக்கானோர் தொகையை இழந்தனர். மேல்முறையீட்டில் திரும்பப் பெற்றோரும் மிகப் பலர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இயலாமை நீங்கியதென மருத்துவக் காரணம் காட்டி நிறுத்தப்பெற்றோர், விரும்பினால் விசாரணை நீதிபதியின் முடிவு வரை தொகையைத் தொடர்ந்து பெறலாம் என்று பேராயம் 1983இல் வழி செய்தது. தோற்றால் திருப்பித் தர நேரலாம் என்ற வரையறையும் அதில் இருந்தது. 1984இன் சீர்திருத்தச் சட்டம் இவ்வழியை நீட்டித்தது. பின்னர் அது நிலைபெற்றது.

பவல் வகுத்த முக்கூற்று அளவை இன்றும் அமெரிக்க மன்றங்களில் ஆட்சி செய்கிறது. சட்ட மாணவர் எல்ட்ரிட்ஜின் பெயரை அறிவது அதனாலேதான். ஆயினும் மன்றம் மறுத்ததன் பெரும் பகுதியைச் சில ஆண்டுகளில் சட்டமன்றம் வழங்கியது என்பதும் மறக்கத் தக்கதன்று. தோற்ற வழக்கும் சில வேளை வென்ற வழக்கின் பயனைத் தரும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வீடிழந்தோர்க்கு அப்பயன் காலங்கடந்தே வந்தது.