பெட்டி கட்ட மனசில்லை

ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து, 'டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு' என்கிறீர்கள். உங்களுக்கு மட்டுமில்லை, மொத்த ஆபீஸுக்கும். வீட்டில் முதல் கேள்வி என்ன? 'அங்கே நல்ல ஸ்கூல் இருக்கா?' ஆஸ்திரேலியாவிலும் அதேதான் சார்.

1901-ல் ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானது. தலைநகரம் சிட்னியா, மெல்பர்னா? ஒரே இழுபறி. கடைசியில் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: தலைநகரம் நியூ சவுத் வேல்ஸில்தான், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளி. அதுவரைக்கும் பார்லிமென்ட் மெல்பர்னில்.

அந்த 'அதுவரைக்கும்' 26 வருஷம் நீண்டது. 1913-ல் கான்பெரா என்று பெயர் வைத்தாயிற்று. பார்லிமென்ட் போய்ச் சேர்ந்தது 1927-ல்.

சரி, குமாஸ்தாக்கள்? கொஞ்சம் பேர் போனார்கள். ஆடு மேய்ந்த நிலம், வீடும் போதவில்லை. அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது, பின்னாலேயே இரண்டாம் உலகப்போர். ராணுவ இலாகா மெல்பர்னை விட்டு அசையவே இல்லை. பிரதமர் மென்ஸீஸுக்கே ஆரம்பத்தில் கான்பெரா பிடிக்காது. ஆனால் அவர்தான் 1957-ல் சட்டம் போட்டு, ஊரைக் கட்டுவதற்கென்றே ஒரு கமிஷன் அமைத்தார். வீடும் ரோடும் பள்ளிக்கூடமும் வர வர, ராணுவ அலுவலகங்களும் பெட்டி கட்டின. உச்ச நீதிமன்றம் வந்தது 1980-ல்!

இனிதான் வேடிக்கை. 2016-ல் அதே கான்பெராக்காரர்களுக்கு ஒரு ஆர்டர். பூச்சிமருந்துக்கும் கால்நடை மருந்துக்கும் அனுமதி கொடுக்கும் மத்திய அலுவலகம், ஆர்மிடேல் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அந்த ஊர் யார் தொகுதி? துணைப் பிரதமரும் விவசாய அமைச்சருமான பார்னபி ஜாய்ஸ் தொகுதி. நான் பி.காம்., முதலில் கணக்கைத்தான் பார்ப்பேன். செலவு 2.56 கோடி ஆஸ்திரேலிய டாலர், ஆதாயமோ சொற்பம் என்று அரசே அமர்த்திய ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். யார் கேட்டார்கள்?

விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அங்கே ஆபீஸ் தயாராகாததால், சில ஊழியர்கள் மெக்டொனால்ட்ஸில் உட்கார்ந்து, அந்தக் கடை வைஃபையில் வேலை பார்த்த சங்கதி 2017-ல் செனட் கமிட்டியில் வெளிவந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மருந்தைச் சோதித்துச் சரி சொல்ல, அனுபவப்பட்ட ஆள் வேண்டுமே? அனுமதிகள் கெடு தாண்டின. கிராமப்புறத்துக்கு நல்லது என்று சொல்லித்தானே இந்த இடமாற்றம்? மருந்துக்குக் காத்திருந்தது அந்தக் கிராமத்து விவசாயிதான்.

2019-ல் ஆர்மிடேலில் புதுக் கட்டடம் திறந்தாயிற்று. அதற்குள் அரசு கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. சுமார் 40 பேர் கான்பெராவிலேயே இருந்துகொள்ளலாம் என்று!