புறா வளர்த்தவர்கள் தந்த சாட்சியம்

1859-ல் சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ அச்சேறும் முன், பதிப்பாளர் ஜான் மர்ரே அதன் கையெழுத்துப் பிரதியை விட்வெல் எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். மற்ற வாதங்களை ஒத்திவைத்துவிட்டு டார்வின் புறாக்களைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதட்டும், புறா என்றால் எல்லோரும் ஆவலாகப் படிப்பார்கள் என்றார் எல்வின். இன்றுவரை இது ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே சொல்லப்படுகிறது. யோசனை தவறுதான், ஆனால் எல்வின் கைவைத்த இடம் சரியானது. பரிணாமத்துக்கான சான்று என்றதும் நமக்குப் புதைபடிவங்களும் தீவுப் பறவைகளும் நினைவுக்கு வருகின்றன. டார்வின் நூலின் முதல் அத்தியாயத்தைத் தாங்கி நிற்பதோ லண்டன் புறா வளர்ப்போரின் கைவேலை. பரிணாமத்தில் துளியும் நம்பிக்கையில்லாதவர்கள், அதற்கு உதவும் எண்ணமே இல்லாமல் செய்துவைத்த வேலை அது. அதனாலேயே அந்தச் சாட்சியத்துக்குக் கனம் அதிகம்.

அந்தக் காலத்து லண்டனில் புறா வளர்ப்பு ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் தொற்றிக்கொண்ட பித்து. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களும் வளர்த்தார்கள், கனவான்களும் சங்கம் வைத்து வளர்த்தார்கள். கண்ணுக்கே புலப்படாத வேறுபாடு அவர்களுக்குப் பெரிய விஷயம். நினைத்த இறகு நிறத்தை மூன்று ஆண்டில் கொண்டுவந்துவிடலாம், தலைக்கும் அலகுக்கும் ஆறு ஆண்டு வேண்டும் என்று கணக்குச் சொன்னவர் சர் ஜான் செப்ரைட். 1855-ல் டார்வின் கென்ட் பகுதியிலுள்ள தன் வீட்டில் புறாக்கூண்டு கட்டி, கிடைத்த ரகங்களையெல்லாம் வாங்கிவிட்டார். லண்டனின் இரண்டு புறா சங்கங்களில் உறுப்பினரானார். சாராயக்கடையில் கூடும் வளர்ப்போருடனும் உட்கார்ந்து பேசினார். செத்த பறவைகளின் எலும்புகளைப் பிரித்து அளந்தார். இந்தியப் புறாக்களின் தோல்களை அவருக்கு அனுப்பி வைத்தவர், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட். அக்பரின் அரசவையோடு இருபதாயிரம் புறாக்களுக்குக் குறையாமல் சென்றன என்ற செய்தியும் டார்வினின் நூலில் இடம்பெற்றது.

வளர்ப்போர் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: ஒவ்வொரு ரகமும் தனித்தனிக் காட்டுப் பறவையிலிருந்து வந்தது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சாதாரணப் புறாவுக்கு வாலிறகு பன்னிரண்டு; நம்மூரில் மயில் புறா எனப்படும் விசிறிவால் புறாவுக்கு முப்பது, நாற்பதுகூட உண்டு. டார்வின் அவர்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். தீனிப்பையை ஊதிப் பெருக்கும் புறா, தீனிப்பை பெருக்காத இரண்டு ரகங்களைக் கலந்து பிறக்காது. ஆகவே குறைந்தது ஏழெட்டு மூதாதை இனங்கள் வேண்டும். அவை எல்லாமே பாறையில் கூடு கட்டி, மரத்தில் அமர விரும்பாதவையாக இருந்து, எல்லாமே மனிதனிடம் பழகி, பின்பு காட்டில் தடயமின்றி மறைந்திருக்கவும் வேண்டும். இது நம்பும்படியாக இல்லை. அடுத்ததாகக் கூண்டிலேயே சோதித்தார். தூய வெள்ளை விசிறிவாலையும், பார்ப் என்ற ரகத்தின் தூய கறுப்புப் புறாவையும் சேர்த்தார். பிறந்தவை பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தன. அவற்றை மறுபடி சேர்த்ததில் பிறந்த பேரக்குஞ்சு ஒன்று அழகான நீல நிறம், பின்முதுகில் வெள்ளை, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை என்று காட்டு மாடப்புறாவின் அச்சாக இருந்தது. தாத்தா பாட்டி யாரிடமும் இல்லாத நிறம் எங்கிருந்து வந்தது? எல்லா ரகத்துக்கும் பொது மூதாதை மாடப்புறா என்றால் மட்டுமே இதற்கு விடை உண்டு.

கூண்டில் கண்டதை இப்படி இயற்கைக்கும் பொருத்துவதற்கு முதல் ஆட்சேபம், இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டறிந்த வாலஸிடமிருந்தே கிளம்பியது. வளர்ப்பு விலங்குகள் மனிதன் தயவில் வாழ்பவை, அவற்றை வைத்துக் காட்டைப் பற்றி முடிவு கட்டக்கூடாது என்று 1858 கட்டுரையில் எழுதினார் அவர். கூண்டில் தேர்ந்தெடுப்பவன் மனிதன், காட்டில் யார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடையும் கூண்டுப் பக்கத்திலேயே இருந்தது. ஐரோப்பாவின் சில பகுதிகளில் வெள்ளைப் புறா வளர்க்காதே, பருந்து முதலில் அதைத்தான் தூக்கும் என்று எச்சரிப்பார்கள். பருந்துக்கு எந்தத் திட்டமும் கிடையாது. அலகு மிகக் குறுகிய கர்ணப் புறாக்குஞ்சுகளில் பல முட்டை ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே சாகும், வளர்ப்பவர்தான் உடைத்து எடுத்துவிடுவார். அந்தக் கை விலகினால் எந்த அலகு மிஞ்சும் என்பது வெளிப்படை. வளர்ப்பவனுக்குத் திட்டம் இருந்தது என்பதும் மிகைதான். சற்றே அகன்ற வாலுள்ள புறாவை முதலில் பிடித்து வளர்த்தவன், நாற்பது இறகு வாலைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

இன்னும் வலுவான ஆட்சேபத்தை எழுப்பியவர் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி. எவ்வளவு மாறினாலும் புறா புறாதான். எல்லா ரகமும் ஒன்றோடொன்று கூடிக் குஞ்சு பொரிக்கின்றன. தங்களுக்குள் இனம் பெருக்க முடியாத இரண்டு ரகங்களைத் தேர்வால் உண்டாக்கிக் காட்டாதவரை வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்றார். இதைப் புறாவை வைத்து அடைக்க முடியாது. சில ஆயிரம் ஆண்டு வளர்ப்பு, அதிலும் வேண்டும்போதெல்லாம் கலப்பு என்பது இனம் பிரிவதற்கு ஏற்ற சூழல் அல்ல. 1920-களில் ரஷ்யத் தாவரவியலாளர் கார்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்து, தனக்குள் விதை கொடுக்கும், பெற்ற செடிகளோடு எளிதில் சேராத புதிய செடியைப் பெற்றார். அங்கே நடந்தது குரோமோசோம் இரட்டிப்பு, படிப்படியான தேர்வு அல்ல. ஆனாலும் இனங்களுக்கு இடையிலான எல்லை கடக்க முடியாத சுவரல்ல என்பது தெளிவானது. புறா காட்டுவது உடலமைப்பு எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவாக மாறும் என்பதை. அந்த மாற்றங்கள் நீண்ட காலத்தில் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதைப் பாறைகளிடமும் உடற்கூற்றிடமும்தான் கேட்க வேண்டும்.

டார்வினிடம் இல்லாத ஒன்று, பண்புகள் எப்படித் தலைமுறை கடக்கின்றன என்ற அறிவு. அது கைக்கு வந்த பிறகு, 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புறா ரகங்களின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். வளர்ப்புப் புறா மாடப்புறாவின் வழிவந்ததே என்பது உறுதியானது. கொண்டை வைத்த பல ரகங்களிலும் ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்தது. ஒருமுறை தோன்றிய மாற்றத்தை வளர்ப்போர் ரகத்துக்கு ரகம் கடத்தியிருக்கிறார்கள். 2018-ல் மற்றொரு ஆய்வு சிறகுக் கோலத்தை ஆராய்ந்தது. பட்டைக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக நிறம் விழும் கோலத்துக்குக் காரணமான மரபணு வடிவம் மாடப்புறாவுடையதே அல்ல. ஆப்பிரிக்காவின் புள்ளிப் புறாவோடு நேர்ந்த கலப்பில் வந்து சேர்ந்தது. இதைக் காட்டி ‘கோட்பாடு மாறிக்கொண்டே இருக்கிறதே’ என்று குறை சொல்பவர்கள் உண்டு. சரிபார்க்கக்கூடிய கூற்றுதான் இப்படித் திருத்தப்படும். டார்வின் சொன்ன முதன்மை வம்சாவளி இந்தச் சோதனையிலும் நின்றது. மூதாதைகள் பல என்று அடித்துச் சொன்ன லண்டன் வளர்ப்போரின் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருந்ததை எடுத்துக் காட்டியதும் இதே மரபணு ஆய்வுதான்.