கொத்தரிசியும் பொருளியலும்

பொருளியல் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நம் பெரியோர் சிலர் நகைப்பதுண்டு. அந்தச் சுரைக்காயைப் பாதி மட்டும் அரிந்து கறி சமைத்ததனால் ஒரு பிரதம மந்திரி பதவியிழந்த கதை நம் இலங்கையிலேயே நிகழ்ந்தது.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில், கூப்பன் அரிசி கொத்து 25 சதத்துக்கே கிடைக்கும் என்ற உறுதிமொழியுடன் டட்லி சேனநாயக்கா வென்றார். ஆனால் கொரிய யுத்தத்தால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்தது. நம் இறப்பரின் விலையோ வீழ்ந்துகொண்டிருந்தது. திறைசேரி வற்றியது.

அவ்வேளை அரசாங்கம் செய்த ஒரு காரியம் மெச்சத்தக்கது. 1952 டிசெம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போகும். 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். மிகுந்ததை விற்றுக் குறைந்ததை வாங்கு என்பது றிக்காடோ காலந்தொட்டுப் பொருளியலார் போதித்த பாடமன்றோ! பொதுவுடைமை நாட்டுடன் வியாபாரமா என்று அமெரிக்கா முகஞ்சுளித்தது. அரிசிக்குக் கட்சி ஏது?

அடுத்த பாடத்தில்தான் அரசாங்கம் தவறியது. 1953 யூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்தின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. புகையிரதக் கட்டணமும் ஏறியது. மானியம் திறைசேரியை அரிக்கும் என்ற கொள்கை பொய்யன்று. ஆயின் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் மார்ஷல் தமது நூலின் 1895 ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறொன்றும் எழுதியிருந்தார். பாண் விலை ஏறினால் ஏழைகள் பாணைக் குறைப்பதில்லை. இறைச்சி முதலியவற்றைக் கைவிட்டுப் பாணையே கூடுதலாக உண்பர் என்பது அவர் கருத்து. சோற்றை நம்பியிருக்கும் குடிசையில் கைவிடுவதற்கு என்ன உண்டு? கறியும் பருப்புந்தான். கணக்கேட்டில் மிச்சமான பணம் அந்தக் கலத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ஓகஸ்ட் 12 இல் இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. மந்திரிசபை, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிற்று. அரிசி விலையை ஏற்றியவர்களுக்குத் தரையில் இடமில்லாமற் போயிற்று! ஒக்டோபரில் டட்லி விலகினார். பின்வந்த கொத்தலாவலை விலையைக் குறைத்தார்.

டட்லி இதனை மறக்கவில்லை போலும். மீண்டும் பிரதமராயிருந்த 1966 இல் அவர் விலையைத் தொடவில்லை. வாராந்தம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். 1970 தேர்தலில் எதிரணியினர் இரண்டாவது கொத்தையும் தருவோம் என்று மேடைதோறும் முழங்கி வென்றனர்.