இணையவழித் திருப்பணி, புதுச்சேரி

ஆலய வழிபாடு, மறைக்கல்வி, இளையோர் பயிற்சி ஆகியவற்றைத் தொலைத்தொடர்பு வழியே நடத்தும் முறை. கொரோனா பொதுமுடக்கம் 2020 மார்ச் 25இல் தொடங்கியதும் இது பரவலாயிற்று. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமான தூய சென்மராக்கினி அன்னை ஆலயமும் (சம்பா கோவில்), 1907இல் எழுந்து 2011இல் பசிலிக்காவான இருதய ஆண்டவர் ஆலயமும் புதுச்சேரி நகரின் முதன்மைக் கத்தோலிக்க ஆலயங்கள்.

புனித வாரச் சடங்குகளை மக்கள் இன்றி நடத்தவும், ஒளிபரப்பினால் பதிவாக அன்றி நேரலையாக வழங்கவும் வத்திக்கான் 2020 மார்ச் 25 ஆணையில் கூறியது. பெரிய வியாழனின் பாதம் கழுவும் சடங்கு விடப்பட்டது. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழாவன்று ஆலய இருக்கைகள் காலியாக இருக்க, வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கைபேசியின் முன் குடும்பங்கள் அமர்ந்தன.

கத்தோலிக்க மரபில் நற்கருணை, ஒப்புரவு முதலிய அருளடையாளங்களை இணையத்தில் பெற இயலாது. எனவே நேரலை காண்போர், நற்கருணையை மனத்தளவில் ஏற்கும் ஞான நற்கருணை மன்றாட்டைச் சொல்வர். மறைக்கல்வி, விவிலிய வினாடிவினா, பாடற்பயிற்சி ஆகியன திரைக்கு எளிதில் பொருந்துவன. ஆனால் ஒலி தாமதமாவதால் சேர்ந்திசை கடினம். ஒவ்வொருவரும் தனித்தனியே பாடிப் பதிந்து இணைப்பதே வழி.

மூடியிருந்த வழிபாட்டிடங்களைத் திறக்க நடுவண் அரசு 2020 ஜூன் 8 முதல் அனுமதித்தது.