தட்டைக் கண்ணாடி தந்த உரிமை

கேமரன் மலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தேயிலை. மலைக்காரர்களுக்கு அதோடு லாண்ட்ரோவரும் சேர்த்தி. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தில் தமிழர்கள் கொழுந்து பறித்தார்கள். அந்தச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் ஏற்ற வண்டியாகப் பின்னாளில் லாண்ட்ரோவர் நிலைத்தது. பழைய வண்டிகள் இன்னும் அங்கே ஓடுகின்றன. அவற்றின் முன்கண்ணாடி உடைந்தால் ஒரிஜினல் போடுவதா, வெளியில் செய்ததைப் போடுவதா?

இதற்கான விடை 1948இலேயே தொடங்குகிறது. அந்த ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட்ரோவர் அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புக்குக் கட்டுப்பாடு. அதனால் உடம்பு அலுமினியம். வளைவான அச்சுகளுக்குச் செலவு அதிகம். அதனால் முடிந்தவரை தட்டைத் தகடு. கண்ணாடியும் தட்டைதான், நடுவில் சட்டம் வைத்து இரண்டு துண்டு. ஒன்று விரிந்தால் அதை மட்டும் மாத்தினா போதும். வளைந்த கண்ணாடிக்கு ஆலையும் அச்சும் வேண்டும். தட்டையான லேமினேட்டட் கண்ணாடியையோ காகித அளவு வைத்துக் கண்ணாடிக் கடைக்காரரே வெட்டித் தந்துவிடலாம்.

‘ஒரிஜினல்’ என்பதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. வண்டிக் கம்பெனி கண்ணாடி வார்க்கவில்லை. டிரிப்ளெக்ஸ் போன்ற கண்ணாடிக் கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்தியது.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. ‘ஜன்னல் கண்ணாடியே போதுமே’ன்னு நினைத்தால் ஆபத்து. உடைந்தால் அது கத்தியாகும். டெம்பர்டு கண்ணாடியில் கல் பட்டு உடைந்தால் முழுதும் பொடிப்பொடியாக விரிந்து பார்வையை மறைக்கும். தாப்பா சாலையின் வளைவில் அந்த ஒரு நொடி போதும். பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனெதிக்தஸ் 1909இல் காப்புரிமை பெற்ற லேமினேட்டட் கண்ணாடியில், இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டியது ‘யார் பேரு போட்டிருக்கு?’ என்பதல்ல, ‘இது எந்த வகை?’ என்பதுதான். ஆலையில் செய்து வரும் கண்ணாடியென்றால் மூலையில் இருக்கும் தர முத்திரை அதைச் சொல்லும்.

இன்றைய கார்களில் கண்ணாடி வளைந்தது; பலவற்றில் பின்னால் கேமராவும் உண்டு. மாற்றினால் அதைச் சரிபார்த்து அளவமைக்க வேண்டும். அங்கே ஒரிஜினல் கேட்பதில் நியாயம் கூடுகிறது. ஆனால் போருக்குப் பிந்தைய சிக்கனம் மலைக்காரருக்குத் தந்திருந்த தேர்வு, வண்டி நவீனமாக ஆக, கம்பெனியின் கைக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.