கண்ணில் படாத காகிதம்

ஒரே ஒரு காகிதம் கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும்? 167 பேர் சாகலாம். செத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது பைப்பர் ஆல்ஃபா. கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற இரும்பு மேடை. வேலை அங்கேதான். சாப்பாடு, தூக்கம் எல்லாமும் அங்கேதான். 1988 ஜூலை 6 இரவு, மேடையில் இருந்தவர்கள் 226 பேர்.

அங்கே ஏ, பி என்று இரண்டு பம்ப்கள். ஒன்று ஓடும், இன்னொன்று காத்திருக்கும். அன்று பகலில் ஏ பம்ப்பை நிறுத்தி, அதன் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரம் வந்தும் திரும்ப மாட்ட முடியவில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வால்வு இருந்த இடத்தை ஓர் இரும்புத் தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். வால்வு வேலைக்கான பர்மிட் எழுத்தில் இருந்தது. ஆனால் ராத்திரி ஷிஃப்டிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்னால் பி பம்ப் நின்றுபோனது. என்ன செய்தும் கிளம்பவில்லை. ஏ பம்ப்பின் பர்மிட்டைத் தேடினார்கள். கிடைத்தது. ஆனால் அது வேறொரு பர்மிட். பம்ப்பை முழுதாகப் பிரித்துப் பராமரிப்பதற்காக எழுதியது. அந்த வேலையோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அப்படியென்றால் பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது? போடு ஸ்விட்சை!

தகடு தாங்கவில்லை. எரிவாயு கசிந்தது. பத்து மணிக்கு முதல் வெடிப்பு. தீயணைக்கும் பம்ப்கள் தானாக ஓடியிருக்க வேண்டும். கடலுக்குள் வேலை செய்யும் டைவர்களை அவை உள்ளே இழுத்துவிடக் கூடாதே என்று கையால் இயக்கும் நிலைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். தீயைத் தாண்டி யாராலும் அங்கே போக முடியவில்லை. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் 61 பேர்.

இதற்குப் பிறகு வழக்கமாக என்ன நடக்கும்? ஸ்விட்சைப் போட்டது யார்? அவன் தலையில் பழியைப் போடு, ஃபைலை மூடு. அதிலும் ஸ்விட்சைப் போட்டவர் உயிரோடு இல்லையென்றால் வேலை இன்னும் சுலபம்.

விசாரணைக்கு நியமிக்கப்பட்ட நீதிபதி கல்லன் பிரபு அங்கே நிற்கவில்லை. 'அந்தக் காகிதம் ஏன் கண்ணில் படவில்லை?' என்று கேட்டார். பர்மிட் விதிகள் எழுத்தில் இருந்தன. நடைமுறையில் தினம் தினம் மீறப்பட்டன. நிர்வாகத்துக்கு அது தெரியவில்லை. புகார் எதுவும் மேலே வரவில்லை, ஆகவே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயம்தான் நெஞ்சை அறுக்கிறது. அதற்குப் பத்து மாதம் முன்பு, 1987 செப்டம்பரில், இதே மேடையில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்திருக்கிறார். அதிலும் பர்மிட் குளறுபடி. அதிலும் ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறாத கோளாறு. மேடையை நடத்திய ஆக்சிடென்டல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதே தவிர, ஓட்டை அப்படியே இருந்தது. ஓர் உயிர் போனபோது அடைத்திருக்கலாம்.

1990 நவம்பரில் கல்லன் அறிக்கை வெளியானது. மொத்தம் 106 பரிந்துரைகள். அனைத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். எண்ணெய் உற்பத்தியைக் கவனித்த அரசுத் துறையிடமிருந்தே பாதுகாப்புப் பொறுப்பு பிடுங்கப்பட்டு, தனி அமைப்பிடம் போனது. உற்பத்தி பெருகவேண்டும் என்று பார்க்கிறவரே, 'நிறுத்து' என்றும் சொல்வாரா என்ன? 1992-ல் புதுச் சட்டம் வந்தது. 'என் மேடையில் என்னென்ன ஆபத்து வரலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன தடுப்பு வைத்திருக்கிறேன்' என்று நிறுவனமே எழுதிக்கொடுத்து, அரசின் ஒப்புதலையும் வாங்க வேண்டும். விதிக்கு எதிரே டிக் அடித்துவிட்டுப் போகிற கதை செல்லாது.

உங்கள் ஆலையிலோ ஆபீஸிலோ நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்தால், 'எவன்டா அது?' என்ற கேள்விதான் முதலில் வாயில் வரும். வரட்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். 'இதற்கு முன்னால் இங்கே இப்படி நடந்திருக்கிறதா? அப்போது நாம் எதை மாற்றினோம்?' என்றும் கேளுங்கள்.

எதையும் மாற்றவில்லை என்று பதில் வந்தால், போய்ப் பாருங்கள். அந்தத் தகடு இன்னும் அங்கேதான் இருக்கும்.